டோப்பாவும் தலைத்துண்டும்

திருப்பனந்தாள்காரன் முடியைப் பற்றி ஒரு நீளப் பதிவு எழுதினால் யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. எங்கள் ஊர் சாமியின் பெயரே செஞ்சடையப்பர். தாடகை என்ற பெண் மாலை சாத்த வந்தபோது சேலை நெகிழ்ந்துவிட, கையை எடுக்க முடியாமல் தவித்தாளாம். அவளுக்காகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தவர் அவர். சாய்ந்த லிங்கத்தை நிமிர்த்த சோழராஜா யானை கட்டி இழுத்தும் நடக்காமல், கடைசியில் குங்கிலியக்கலய நாயனார் தன் கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுத்து நிமிர்த்தினார் என்பது புராணம். கோயிலை விட்டு வெளியே வந்தால் காசி மடம். அங்கே தம்பிரான்களின் சடாமுடி. ஆக, தலையில் இருப்பதை வைத்து ஆளை மதிப்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

கொஞ்ச காலமாக எனக்கு ஒரு பைத்தியம். 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உருவப்படங்களை, அதுவும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தவற்றை, அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் தேடிப் பார்ப்பது. பிரபு, பிஷப், நீதிபதி, கணித மேதை, வட்டிக்கடைக்காரர் என்று ஆள் மாறுகிறது. டோப்பா மட்டும் மாறுவதில்லை. இரண்டு தோளிலும் வழிந்து மார்பு வரை இறங்கும் சுருள் சுருளான முடிப்பொதி. நடுவில் ஒரு சின்ன முகம், அதுவும் பெரும்பாலும் களையில்லாத முகம். பத்துப் படம் பார்த்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. முகம், இது யார் என்று சொல்லத்தான். இவர் எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்வது டோப்பாவின் வேலை.

நான் மிகைப்படுத்துவதாக நினைத்தால் பியர் லொம்பார் செய்த வேலையைக் கேளுங்கள். வான் டைக் வரைந்த முதலாம் சார்லஸ் ராஜாவின் குதிரைப் படத்தை வைத்து 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் ஒரு தகடு செதுக்கினார். அதன் அச்சுகள் இன்று பல நிலைகளில் கிடைக்கின்றன. ஒன்றில் குதிரைமேல் இருப்பவர் சார்லஸின் எதிரியான கிராம்வெல். இன்னொன்றில் பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயி. வேறொன்றில் சார்லஸ். ஒன்றில் தலையே இல்லை, வெறும் கழுத்து! குதிரை அதே குதிரை, கவசம் அதே கவசம். அரசியல் காற்று திசை மாறும்போதெல்லாம் தகட்டில் தலையை மட்டும் சுரண்டிவிட்டு வேறு தலை செதுக்கியிருக்கிறார்கள். அந்த சார்லஸுக்கு 1649இல் நிஜமாகவே தலை போனது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நம்மூர் சுவரொட்டியில் பழைய தலைவர் முகத்தின்மேல் புதியவர் முகத்தை ஒட்டுபவர்களுக்கு முன்னோடி லண்டனிலும் பாரிஸிலும் இருந்திருக்கிறார்.

டோப்பா மோகம் முடி கொட்டினதில்தான் தொடங்கியது. பதின்மூன்றாம் லூயிக்கு இளம் வயதிலேயே வழுக்கை விழுந்து அவர் பொய்முடி வைக்க, அரண்மனையும் வைத்தது. மகன் பதினான்காம் லூயிக்கு நல்ல முடி. கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தார். 1670களில் அவரும் டோப்பாவுக்கு மாறினார். 1701இல் ரிகோ வரைந்த புகழ்பெற்ற படத்தில் அறுபதைத் தாண்டிய அந்த ராஜாவின் தலைமேல் கருகருவென்று இரண்டு மேடாக முடி எழும்பி நிற்கிறது. அந்த ஓவியம் இருந்த இடத்திலேயே இருந்தது. பியர் த்ரெவே அதைச் செதுக்கி அச்சாக்கிய பிறகுதான் அந்த முடிமேடு ஐரோப்பா முழுக்கச் சுற்றியது. ஓவியத்தை ஒரு அறையில் இருப்பவர்கள்தான் பார்க்க முடியும். அச்சுப் படத்தைக் கடையில் வாங்கி வீட்டில் மாட்டலாம்.

விலைக்கு வருவோம். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பெப்பிஸ் நாட்குறிப்பில் கணக்கு எழுதும் பழக்கம் உள்ள மனிதர். 1663இல் இரண்டு டோப்பா வாங்கினார். ஒன்று மூன்று பவுண்டு, மற்றது நாற்பது ஷில்லிங், அதாவது இரண்டு பவுண்டு. வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரு வருஷச் சம்பளமே அந்த அளவுதான் இருந்த காலம். 1665இல் கொள்ளைநோய் வந்தபோது, புது டோப்பாவைத் தலையில் வைக்கவே அவருக்குப் பயம். செத்தவர்கள் தலையிலிருந்து எடுத்த முடியாக இருந்தால் என்ன செய்வது என்று கவலைப்பட்டிருக்கிறார்.

செதுக்குபவர்களுக்கு டோப்பா ஒரு பரீட்சை. பளபளக்கும் செப்புத் தகட்டில் கூரான இரும்பு உளியை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வயலில் ஏர் ஓட்டுவது மாதிரிதான். அழுத்தினால் சால் ஆழமாகும், மை அதிகம் பிடிக்கும், அச்சில் கோடு கருப்பாக விழும். கையை லேசாக்கினால் கோடு மெலிந்து மறையும். வளைவான கோடு வேண்டுமென்றால் உளியைத் திருப்புவதைவிட அடியில் மெத்தைமேல் வைத்த தகட்டைத் திருப்புவார்கள். ஒரு சுருள் முடிக்கு இப்படி எத்தனை இணைகோடுகள்! தப்பாக ஒரு கோடு விழுந்தால் பின்பக்கத்திலிருந்து தட்டி மேடாக்கி, சுரண்டி, மெருகேற்றி மறுபடி தொடங்க வேண்டும். ரொபேர் நாந்தேய், ஜெரார் எதெலிங்க் இருவரும் இதில் மன்னர்கள். நாந்தேய் இருநூறுக்கும் மேற்பட்ட உருவப்படங்கள் செதுக்கியவர். 1660இல் பதினான்காம் லூயி ஒரு ஆணை போட்டு, செதுக்குவது கைத்தொழில் இல்லை, கலை, அதைச் சங்கக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அறிவித்தார். தன் தலையை அழகாகச் செதுக்கினவர்களுக்கு ராஜா செய்த மரியாதை என்றும் அதைச் சொல்லலாம்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, இந்தச் சங்கதியில் ஒரு துண்டு தஞ்சாவூரிலேயே இருக்கிறது என்பது மெதுவாகத்தான் நினைவுக்கு வந்தது. அரண்மனை வளாகத்தில் சரஸ்வதி மகால் நூலகம். அதன் அருங்காட்சியகத்தில் மனிதத் தலைகளையும் மிருகத் தலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படங்கள் மாட்டியிருக்கும். ஆந்தை முகம், எருது முகம், ஒட்டக முகம், அதற்கு ஜோடியாக அதே சாயலில் ஒரு மனுஷன். பள்ளிச் சுற்றுலாவில் போன பிள்ளைகள் ஒருவரையொருவர் காட்டிச் சிரிக்கும் இடம் அது. அவற்றை வரைந்தவர் ஷார்ல் லெ ப்ரூன். 1690இல் இறந்தவர், பதினான்காம் லூயியின் தலைமை ஓவியர், வெர்சாய் அரண்மனையை அலங்கரித்தவர். அந்த வரைபடங்கள் 1806இல் பாரிஸில் தகட்டில் செதுக்கப்பட்டு நூலாக வந்தன.

அடுத்தமுறை போனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனிதத் தலைகளில் ஒன்றில்கூட டோப்பா கிடையாது. மனிதனின் குணத்தை மிருகத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால் தலை தலையாகத் தெரிய வேண்டும், அதனால் லெ ப்ரூன் பொய்முடியைக் கழற்றிவிட்டார். சிங்க முகத்தானுக்குப் பிடரி மாதிரி சொந்த முடி. ஆனால் லார்ஜிலியேர் வரைந்து எதெலிங்க் செதுக்கிய லெ ப்ரூனின் சொந்த உருவப்படம் ஒன்று இருக்கிறது. அதில் தோள்வரை வழியும் பிரமாதமான டோப்பா! அடுத்தவன் தலையைத் திறந்து காட்டியவர் தன் தலையைத் திறந்து காட்டத் துணியவில்லை.

இந்தமாதிரி அச்சுப் படங்களைச் சேகரித்த சரபோஜி ராஜாவும் தன் உருவத்தைப் பற்றி அக்கறை உள்ளவர்தான். 1798இல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே ஒப்பந்தம் போட்டு ஆட்சியைக் கும்பினிக்காரன் வாங்கிக்கொண்டான். ராஜாவுக்கு மிஞ்சியது கோட்டையும் வருமானத்தில் ஒரு பங்கும். 1832இல் சாகும்வரை அவர் அதிகாரமில்லாத ராஜா. தர்பார் மண்டபத்தில் நிற்கும் அவருடைய வெள்ளைப் பளிங்குச் சிலையைச் செய்தவர் லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன். ஐரோப்பியச் சிற்பி, ஐரோப்பியப் பளிங்கு, தலையில் மட்டும் மராட்டிய ராஜாவின் தலைப்பாகை. தன் குருவான பாதிரியார் ஸ்வார்ட்ஸுக்காக அதே ஃப்ளாக்ஸ்மனிடம் செய்வித்துத் தஞ்சாவூர் தேவாலயத்தில் வைத்த புடைப்புச் சிற்பத்திலும் சாவுப் படுக்கையின் அருகில் ராஜா தலைப்பாகையோடுதான் நிற்கிறார். இங்கிலீஷ் பேசினார், பிரெஞ்சுப் புத்தகம் வாங்கினார், கண் அறுவைச் சிகிச்சை வரை கற்றார். ஆனால் தலையில் இருப்பதை விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க அது ஒன்றுதானே பாக்கி இருந்தது?

அதே காலத்தில் தஞ்சாவூர் ஓவியர்களான முச்சியர்கள் கும்பினித் துரைமார்களுக்காக ஜாதிப் படத் தொகுப்புகள் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு தாளில் ஒரு கணவன், ஒரு மனைவி. கீழே என்ன ஜாதி, என்ன தொழில் என்று ஒரு வரி. இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆண்களின் முகங்கள் கிட்டத்தட்ட ஒரே அச்சு. வித்தியாசம் நெற்றியில், வேட்டிக் கட்டில், முக்கியமாகத் தலையில். கணக்குப்பிள்ளைக்கு ஒரு முண்டாசு, செட்டியாருக்கு ஒன்று, சிப்பாய்க்கு ஒன்று, சிலருக்கு வெறும் குடுமி. லொம்பாரின் தகட்டில் தலை மாறினால் ஆள் மாறினான். இங்கே தலைக்கட்டு மாறினால் ஜாதி மாறியது.

இந்த இடத்தில்தான் எனக்கு டோப்பாக்காரர்கள்மேல் ஒரு பொறாமையே வருகிறது. டோப்பா ஆடம்பரம்தான், பொய்தான், பேனும் மாவுமாக நாறியதும் உண்டு. ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்கலாம். 18ஆம் நூற்றாண்டு நடுவில் லண்டனில் குமாஸ்தா வைத்தான், கடைக்காரன் வைத்தான், எஜமானின் வண்டிக்காரனும் வைத்தான். புதிது வாங்க முடியாதவன் பழசு வாங்கினான். எல்லோரும் வைத்ததும் பெரிய மனிதர்களுக்கு அது புளித்துவிட்டது. 1765இல் டோப்பா வியாபாரம் படுத்து, செய்பவர்கள் மூன்றாம் ஜார்ஜ் ராஜாவிடம் மனுக் கொடுக்க ஊர்வலம் போனார்கள். போனவர்களில் பலர் தாங்களே டோப்பா வைக்கவில்லை என்பதைக் கவனித்த கூட்டம், பிடித்து அவர்கள் முடியை வெட்டிவிட்டதாம். 1795இல் தலைக்குப் பூசும் மாவுக்கு வருஷத்துக்கு ஒரு கினி வரி போட்டார்கள். பலர் மாவையே விட்டுவிட்டார்கள். காசில் வந்தது, காசில் போனது.

நம் காவிரிக் கரையில் கதை அப்படியில்லை. பண்ணையாள் தலையில் இருந்தது ஒரு துண்டு. டோப்பா விலையில் நூறில் ஒரு பங்கு பெறாது. வெயிலுக்கும் நெற்கட்டு சுமக்கவும் கட்டியது. அதைக் கட்டிக்கொண்டு மிராசுதார் எதிரில் நிற்கக் கூடாது. அவிழ்த்து இடுப்பில் கட்ட வேண்டும், அல்லது கக்கத்தில் இடுக்க வேண்டும். அது நாட்டுச் சட்டம் இல்லை, ஊர்ச் சட்டம். கீழத்தஞ்சையில் 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் வந்து விவசாயச் சங்கம் கட்டியபோது, பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் முதல் கேள்வியாக எழுந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அவிழ்க்காத துண்டும் அதே சண்டையின் பகுதிதான். 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலியையும் வேலை நீக்கத்தையும் பற்றிச் சட்டத்தில் எழுதலாம், துண்டைப் பற்றி எழுத முடியாது. அது தெருத்தெருவாகத்தான் தலைக்கு ஏறியது. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இன்றும் யாரைப் பார்த்தாலும் முண்டாசை அவிழ்க்க மாட்டார். கோயிலுக்குள் மட்டும் அவிழ்ப்பார். ஏன் தாத்தா என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையுமில்லை.

மடத்துச் சடைக்கு வருகிறேன். இதுவும் காசுக்கு வராதது, ஆனால் வேறு கணக்கு. காசி மடம் குமரகுருபரர் வழி. அவர் தருமபுரம் மாசிலாமணி தேசிகரின் சீடர், காசியில் கேதார கட்டத்தில் மடம் கண்டவர். பிறகு 18ஆம் நூற்றாண்டில் மடம் எங்கள் ஊருக்கு வந்தது. தருமபுர மரபில் சடையும் தாடியும். பக்கத்திலேயே திருவாவடுதுறையில் மழித்த தலையில் உருத்திராக்கம். இரண்டும் சைவம், இரண்டும் துறவு. 2023 மே 28ஆம் தேதி புது நாடாளுமன்றத் திறப்பில் ஆதீனங்கள் நின்ற படங்களை டெல்லிக்காரர்கள் பார்த்து எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் பேப்பர் பார்த்தவர்கள் தலையை வைத்தே இவர் எந்த மடம் என்று பிரித்துவிட்டார்கள். முடியைப் பேணாமல் விடுவது துறவின் அடையாளம். ஆனால் விட்ட முடியே சுருட்டி உச்சியில் ஏறி, மாலை சூட்டி, பல்லக்கில் அமர்ந்து படமாகும்போது அதுவும் ஒரு அந்தஸ்துதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் வளர்ந்தால்தான் உண்டு, கடையில் கிடைக்காது என்பதே அதன் மதிப்பு. ஆனால் யார் அதை வளர்க்கத் தொடங்கலாம் என்பதற்கு மடங்கள் குலம் பார்த்தன என்பதையும் மறைக்க வேண்டாம். இதே மடம் தமிழ் வித்துவான் தேர்வில் முதல்வராக வந்தவருக்கு ஆயிரம் ரூபாய்ப் பரிசு கொடுத்தது. 1935இல் அதை வாங்கியவர் மு.வரதராசன். அந்தப் பரிசுக்கு மதிப்பெண் மட்டும் போதும்.

மதிப்பெண் என்றதும் முத்துசாமி ஐயர். 1832இல் தஞ்சாவூர் ஜில்லா உச்சுவாடியில் பிறந்தவர். திருவாரூரில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்த பையன். சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார், 1893இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். வெள்ளைக்கார நீதிபதிகள் டோப்பாவோடு உருவப்படம் எழுதிக்கொண்ட காலம். உயர்நீதிமன்றத்தில் அவருடைய பளிங்குச் சிலையைப் பாருங்கள். தலைப்பாகை, வெறுங்கால். டோப்பா இருக்க வேண்டிய இடத்தில் தலைப்பாகை உட்கார்ந்துகொண்டது. அந்தத் தலைமுறையில் அது உத்தியோகத்தின் அடையாளம். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துச் சாமிநாதையரும் கும்பகோணம் கல்லூரி வேலைக்குப் பிறகு படங்களில் அப்படித்தான் நமக்குத் தெரிகிறார். பிறப்போடு மட்டும் வந்துகொண்டிருந்த தலைக்கட்டு, பரீட்சையோடும் வரத் தொடங்கியது. எல்லோருக்கும் அல்ல, ஆனால் தொடங்கியது.

பெண்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் விட்டால் தப்பு. எங்கள் பக்கத்து அக்ரகாரங்களில் கணவனை இழந்தவளின் முடியை மழித்தார்கள். ஆணுக்கு வளர்ந்த முடியும் மழித்த தலையும் இரண்டுமே பெருமையாக முடிந்தன. அவளுக்கு மழித்தது தண்டனை. பழைய குடும்பப் போட்டோக்களில் தலைப்பாகைத் தாத்தாக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முக்காடு போட்ட பாட்டி பெரும்பாலும் அந்தப் படத்திலேயே இருக்க மாட்டாள்.

டோப்பா வியாபாரம் இப்போது திரும்பிவிட்டது. லூயி காலத்தில் பிரெஞ்சுக் கிராமங்களில் ஏழைப் பெண்களின் கூந்தலை வியாபாரிகள் சந்தையில் வாங்கினார்கள். இன்று திருப்பதியில் நேர்ந்துகொண்டு கொடுத்த முடி ஏலத்தில் போய் உலகம் முழுக்க டோப்பாவாகிறது. 2004இல் ஒரு பெரிய யூத மதகுரு, இது விக்கிரக வழிபாட்டில் காணிக்கையான முடி, நம் பெண்கள் அணியக் கூடாது என்று தீர்ப்புச் சொல்ல, நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் போட்டு டோப்பாக்களைக் கொளுத்தினார்கள். காணிக்கை கொடுத்தவளுக்கு அந்த நெருப்பைப் பற்றித் தெரிந்தே இருக்காது.

மாயவரத்துத் தியாகராஜ பாகவதரை விட்டுவிட்டேனே என்று யாராவது கேட்பீர்கள். பாட்டுப் புத்தக அட்டைகளில் அச்சான பாகவதர் கிராப்பை ஊர் ஊராக இளைஞர்கள் நாவிதரிடம் காட்டி வெட்டிக்கொண்டதைத் தனியாக எழுத வேண்டும். அந்த முடிக்கு ஜாதியில்லை, நாவிதருக்குக் கொடுக்கும் காசு போதும். அது அடுத்த பதிவு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய போட்டோ இருந்தால் எடுங்கள். தலையில் என்ன இருக்கிறது, யார் தலையில் ஒன்றுமில்லை, யார் படத்திலேயே இல்லை என்று பாருங்கள். பெயர் சொல்லக்கூடிய ஒரு பெரியவர் இருக்கும்போதே, பின்பக்கம் பென்சிலால் பெயரையும் வருஷத்தையும் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.